நான்கெழுத்துக்கு இடமில்லை

மார்ச் 14

அன்புள்ள சின்னவளுக்கு,

எனக்கு மறதி வந்துவிட்டது என்று உன் அண்ணன் உன்னிடம் சொல்லியிருப்பான். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் சொல்லியிருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். மாடிப்படியில் என்னை நிறுத்தி, "இன்னிக்கு என்ன கிழமைன்னு தெரியுதாம்மா?" என்று குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டாள். வியாழன் என்றேன். அவள்தான் புதன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு மறதி வரவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். நீ யாரிடமாவது சொல்வதானால் இப்படியே சொல்.

செவ்வாய்க்கிழமை காலை எழுந்து பார்த்தபோது போன் தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. "உங்கள் சாதனம் இப்போது முன்னைவிடச் சிறப்பானது" என்று ஒரு வாசகம். நான் கேட்கவில்லை. எட்டரைக்கு உன் அண்ணன் கூப்பிட்டான். மூன்று வருடமாகப் பச்சை வட்டத்தை வலது பக்கம் தள்ளித்தான் பேசி வருகிறேன். அப்படியே தள்ளினேன். துண்டித்துவிட்டது. மறுபடி அடித்தான், மறுபடி தள்ளினேன், மறுபடி துண்டித்தது. இனிமேல் மேல்நோக்கித் தள்ள வேண்டுமாம். வலது பக்கம் தள்ளினால் "பேச விருப்பமில்லை" என்று பொருளாம். இதை மாற்றியவர்கள் எனக்கு ஒரு வரி சொல்லவில்லை. பன்னிரண்டு தடவை துண்டித்த பிறகு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று குளிக்கப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அவன் ஏழு தடவை அடித்திருக்கிறான். வெந்நீர்க் குழாய்ச் சத்தத்தில் போனும் கேட்கவில்லை, அவன் நேரில் வந்து கதவைத் தட்டியதும் கேட்கவில்லை.

ஈரத் தலையோடு வெளியே வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. நாதாங்கி இரண்டாக உடைந்திருந்தது. இதற்குமேல் அன்று சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நமக்குப் பாத்திரம் விற்ற கடைக்காரர், நாம் குளித்துக்கொண்டிருக்கும்போது சமையலறைக்குள் வந்து டப்பாக்களை இடம் மாற்றிவைத்துவிட்டுப் போனால், அவரை என்னவென்று சொல்வோம்? உப்பு எங்கே என்று தேடும் வீட்டுக்காரியை மறதிக்காரி என்பார்களா?

இனி இந்தப் போனை நம்பி நான் எதையும் சொல்லப்போவதில்லை. கடிதம் எழுதுகிறேன். நீயும் எழுது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்.

அன்புடன்,
அம்மா


மார்ச் 29

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கையெழுத்தை உறையின்மேல் பார்த்ததும் ஏதோ பரீட்சை முடிவு வந்ததுபோல் நின்றுகொண்டே பிரித்தேன். நான் நலம். முதுகு பரவாயில்லை. இந்தக் கடிதத்தை நிமிர்ந்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அண்ணன் சொன்னதை நான் அப்படியே நம்பவில்லை அம்மா. ஆனால் அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. "அவங்க கட் பண்ணிக்கிட்டே இருந்தாங்கடி, அப்புறம் எடுக்கவே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவனை ரொம்பத் திட்டாதீர்கள்.

டப்பா உதாரணத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இங்கே என் பல் மருத்துவர் தன் கணினியை இரண்டு வருடம் புதுப்பிக்காமலே வைத்திருந்தார். யாரோ உள்ளே புகுந்து எங்கள் எல்லோருடைய விவரங்களையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். என் கடைவாய்ப்பல்லின் படம் இப்போது யாரிடம் இருக்கிறதோ. "கேட்டுச் செய்தால் பாதிப் பேர் செய்ய மாட்டார்கள், செய்யாதவர்களால் மற்றவர்களுக்கும் ஆபத்து" என்று கம்பெனிகள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. பூட்டை மாற்றுவது வேறு, டப்பாவை மாற்றுவது வேறு. அவர்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டித் தருகிறார்கள் என்பதுதான் என் குறை.

நாதாங்கியைச் சரிசெய்தாயிற்றா? முழங்கால் எப்படி? என் வேலை வழக்கம்போல. இயந்திரங்களுக்கு எழுதும் வேலையில் சொல்ல என்ன இருக்கிறது.

உங்கள்,
சின்னவள்


ஏப்ரல் 8

அன்புள்ள சின்னவளுக்கு,

முழங்கால் மழைநாளில் மட்டும் வலிக்கிறது. நாதாங்கி மாற்றியாயிற்று, தச்சர் வந்து முன்னதைவிடத் தடிமனாகப் போட்டிருக்கிறார். பல் மருத்துவர் கதையில் நியாயம் இருக்கிறது. அதை ஏற்கிறேன். பூட்டு வேறு, டப்பா வேறு என்றாய், அதையும் ஏற்கிறேன்.

திங்களன்று உன் அண்ணன் என்னைப் போன் கடைக்கு அழைத்துப்போனான். பழையபடி மாற்றித் தரச் சொன்னேன். கடைக்காரர் நல்ல மனிதர்.

"பழையபடி ஆகாதும்மா. அடுத்ததும் வந்து நிக்குது பாருங்க. இதை அமுக்குங்க, முடிஞ்சுது."

"அமுக்குறதுல என்ன எழுதியிருக்கு?"

"ஒப்புக்கொள்கிறேன்னு."

"நான் என்ன தப்பு பண்ணினேன், ஒப்புக்கொள்ள?"

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். உன் அண்ணன் சிரிக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"சரி, வேண்டாம்னா எதை அமுக்கணும்?"

"அப்படி ஒண்ணு கிடையாதும்மா. இப்போது, பிறகு. ரெண்டே ரெண்டுதான்."

"பிறகுன்னு சொன்னா?"

"சாயங்காலம் கேக்கும்."

"அப்பவும் பிறகுன்னா?"

"நாளைக்குக் கேக்கும். நாலஞ்சு தடவை பாத்துட்டு அதுவே பண்ணிக்கும்."

"அப்புறம் எதுக்குக் கேக்குது?"

"ஒரு மரியாதைக்குத்தாம்மா" என்றார்.

பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் நான் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பத்திரத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டி, "உங்களுக்குச் சம்மதமா, இல்லையா?" என்று கேட்பேன். அந்த "இல்லையா"வைச் சம்மதத்துக்கு இணையான குரலில் சொல்ல வேண்டும் என்பது என் கட்டளை. புதிதாக வரும் எழுத்தர்கள் அதை முணுமுணுப்பார்கள், திருத்துவேன். ஒரு பெண் கட்டை விரலில் மை பூசிய பிறகு "இல்லை" என்றாள். அவளுடைய அண்ணன்மார் மூன்று பேரும் பின்னால் நின்றிருந்தார்கள். விரலை எங்கள் சுவரிலேயே துடைத்துவிட்டுப் போனாள். அடுத்த வெள்ளையடிப்பு வரை அந்தக் கறையை யாரும் அழிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

அந்த நிபந்தனைகளை வாசித்தேன். பூதக்கண்ணாடி வைத்து நான்கு நாள், முப்பத்தெட்டுப் பக்கம். இருபத்திரண்டாம் பக்கத்தில், இந்த நிபந்தனைகளை முன்னறிவிப்பில்லாமல் மாற்றும் உரிமை தங்களுக்கு உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் அலுவலகமாயிருந்தால் அந்தப் பத்திரத்தை அப்படியே திருப்பிக் கொடுத்திருப்போம்.

"ஒப்புக்கொள்கிறேன்" என்பதை எழுதிய மேதாவி யாரோ தெரியவில்லை. குற்றவாளி ஒப்புக்கொள்வான், வாங்குகிறவர் சம்மதிப்பார். கான்வென்டில் எங்கள் சிஸ்டரிடம் இப்படி எழுதியிருந்தால் முழங்காலில் நிறுத்தியிருப்பார்.

அன்புடன்,
அம்மா


ஏப்ரல் 24

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே ஜலதோஷம், இரண்டு நாளில் போய்விடும்.

கடைக்காரரின் "மரியாதை"யை அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னேன். ஒருவர் அதைச் சீட்டில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறார்.

ஆனால் அந்தச் சொல்லை எழுதியவரை மேதாவி என்று சொல்வது நியாயமில்லை அம்மா. அவர்களிடம் முழு வாக்கியம் தருவதில்லை. ஓர் அட்டவணை வரும். அதில் நாலாயிரம் சொற்கள், ஒவ்வொன்றும் தனியாக. எது எந்தத் திரையில் வரப்போகிறது, யார் அதை அமுக்கப்போகிறார் என்று ஒரு குறிப்பும் இருக்காது. மாலைக்குள் முடிக்க வேண்டும். அகராதியில் முதலில் இருப்பதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டியதுதான். அப்படி எழுதிய ஒருவர் முதல் வருடமே "வேண்டாம்" என்று மூன்றாவதாக ஒன்று வைக்கலாமே என்று கேட்டிருக்கலாம். திரையில் இடமில்லை, உங்கள் மொழியில் சொற்கள் நீளம் என்று பதில் வந்திருக்கலாம். அதற்குமேல் அவர் என்ன செய்வார்? அவருக்கும் வேலை வேண்டும். அவரும் ஒரு நாள் முழுக்க அந்தச் சொல்லை நினைத்து வெட்கப்பட்டிருக்கலாம். யாருக்குத் தெரியும்.

அண்ணன் கூப்பிட்டிருந்தான். உங்களை டாக்டரிடம் காட்டப்போவதாகச் சொன்னான். ஏதோ படிவம் பற்றியும் சொன்னான். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
சின்னவள்


மே 3

அன்புள்ள சின்னவளுக்கு,

ஜலதோஷத்துக்கு ஆவி பிடி. இந்தக் கடிதம் வருவதற்குள் போயிருக்கும், இருந்தாலும் பிடி.

எண்ணிப் பார்த்தேன். "பிறகு" மூன்றெழுத்து. "வேண்டாம்" நான்கெழுத்து. "ஒப்புக்கொள்கிறேன்" ஒன்பதெழுத்து. ஒன்பதுக்கு இடம் இருக்கிற கண்ணாடியில் நான்குக்கு இடமில்லை. இதை நம்பியவருக்கும் கொஞ்சம் குட்டு வைக்கலாம்.

டாக்டரிடம் போனேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். இரண்டு வரை வந்து நின்றேன். கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன். பிறகு கேள்வித்தாளில் இருந்த இரண்டு பிழைகளைக் காட்டினேன். அவர் எழுதிக்கொண்டார், பிழைகளையா என்னையா என்று தெரியவில்லை. அப்போது உன் அண்ணன், "கடையில சம்பந்தமில்லாமப் பேசினாங்க டாக்டர். பட்டனை அமுக்கச் சொன்னா, நான் என்ன தப்பு பண்ணினேன்னு கேக்கிறாங்க. யாரோ குத்தம் சாட்டுற மாதிரி" என்றான். டாக்டர் மிகவும் அனுதாபத்தோடு தலையாட்டினார். நான் சொன்னது ஒரு சொல்லைப் பற்றிய கேலி என்று விளக்கினேன். விளக்க விளக்க இருவரும் இன்னும் மென்மையாகப் பேசினார்கள். கேலியை விளக்க வேண்டிய நிலை வந்துவிட்டால் மனிதர்கள் நம்மைப் பற்றி எதையும் நம்புவார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

திரும்பும்போது காரில் கேட்டான்: "இப்பவே எங்க வீட்டுக்கு வந்துடுறீங்களா, இல்ல மாசக் கடைசியில வர்றீங்களா?"

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவனுக்கே தெரியாமல் கேட்டான். அதனால் கோபம் வரவில்லை.

ஓர் அதிகாரப் பத்திரம் தயாராகிறதாம். நான் கையெழுத்திட்டால் இந்த வீட்டை வாடகைக்கு விடவும், என் சார்பில் எல்லாவற்றையும் தீர்மானிக்கவும் அவனுக்கு அதிகாரம் வரும். இந்த வீட்டில் என் சாவியோடு நான் இருப்பதா இல்லையா என்பது அந்தக் காகிதத்தில் இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் சம்மதித்தால்தான் வக்கீல் அதை என்னிடம் அனுப்புவாராம். அதனால் நேராகவே கேட்கிறேன். நீ எதிலும் கையெழுத்துப் போடவில்லையே?

அன்புடன்,
அம்மா


மே 17

அம்மாவுக்கு,

நமஸ்காரம். இத்துடன் பத்திரத்தின் நகல். நேரில் கொடுத்தால் சண்டை வரும் என்று தபாலில் அனுப்புகிறேன். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு இடங்களில் பென்சிலால் குறியிட்டிருக்கிறேன். உங்கள் அறை தயாராக இருக்கிறது. ஜன்னல் கிழக்குப் பக்கம். உங்கள் மருமகள் அலமாரியைக் காலிசெய்துவிட்டாள்.

உங்கள் நல்லதுக்குத்தான் அம்மா. வேறு எதற்கும் இல்லை. அவசரமில்லை, இந்த மாதம் முடிவதற்குள் போதும்.

பெரியவன்


மே 27

சின்னவளுக்கு,

மூன்று வாரமாயிற்று; உன் பதில் வரவில்லை. தபால்காரரிடம் இரண்டு தடவை கேட்டேன். அவர் வருத்தப்படுகிறார், தான் தொலைத்துவிட்டதுபோல.

உன் அண்ணன் அனுப்பிய பத்திரம் வந்தது. பதினான்கு பக்கம். கூடத்தில் உட்கார்ந்து வாய்விட்டு வாசித்தேன், வழக்கமாக வாசிக்கும் வேகத்தில். இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. கடைசிப் பக்கத்தில் பிள்ளைகளின் சம்மதம் இணையம் வழியாகப் பெறப்பட்டதாக அச்சிட்டிருக்கிறது. உன் வரியை அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"மகள். ஆவணம் திறக்கப்பட்டது: ஏப்ரல் 19, மாலை 6 மணி 10 நிமிடம் 04 விநாடி. ஒப்புக்கொள்ளப்பட்டது: 6 மணி 10 நிமிடம் 45 விநாடி."

உன் ஏப்ரல் 24 கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஜலதோஷம் பற்றி இருக்கிறது.

உடம்பு நலமா என்று எழுது. மற்றதையும் எழுது.

அம்மா


ஜூன் 15

அன்புள்ள அம்மாவுக்கு,

உடம்பு நலம். ஜலதோஷம் உண்மைதான், அதை மட்டுமாவது நம்புங்கள்.

இது ஐந்தாவது தடவையாக எழுதும் கடிதம். முந்தைய நான்கும் என் தரப்பை நன்றாகவே எடுத்துச் சொல்லியிருந்தன. அதனால் கிழித்துவிட்டேன்.

அன்று மாலை ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் பை, ஒரு கையில் போன். அண்ணனிடமிருந்து செய்தி: "அம்மா விஷயம், உடனே பார்." டாக்டரிடம் காட்டுவதற்கான படிவம் என்று நினைத்தேன். திறந்தேன். நீளமாக ஏதோ இருந்தது. கீழே அந்தப் பொத்தான். அமுக்கினேன். நாற்பத்தொரு விநாடியில் முப்பது விநாடி சிக்னல் கிடைக்காமல் போயிருக்கும். நான் எதையும் படிக்கவில்லை அம்மா.

இரண்டு நாள் கழித்து அண்ணன் நன்றி சொல்லக் கூப்பிட்டபோதுதான் என்னவென்று தெரிந்தது. உடனே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன். உங்கள் "மேதாவி" கடிதம் எதிரே இருந்தது. அதற்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்ததால் அதற்குச் சொன்னேன்.

ஏனென்றால் அந்தப் பொத்தானை எழுதியவளும் நான்தான். சலவை இயந்திரத்துக்குக் கையேடு எழுதுகிறேன் என்றுதான் உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அது முதல் ஆறு மாதம். ஏழு வருடமாக உங்கள் போன் கம்பெனிக்குத் திரைச்சொற்கள் எழுதுகிறேன். "ஒப்புக்கொள்கிறேன்", "பிறகு", "உங்கள் சாதனம் இப்போது முன்னைவிடச் சிறப்பானது" எல்லாம் என்னுடையவை. அந்த வக்கீலின் இணையதளமும் எங்கள் சொற்களைத்தான் வாங்கிப் போட்டிருக்கிறது. என் சொல்லை நானே அமுக்கினேன். அது எனக்கு அவ்வளவு பழக்கம். கண் அதைப் படிப்பதில்லை, விரலே பார்த்துக்கொள்கிறது. உலகத்திலேயே அதைப் படித்துப் பார்த்து அமுக்கியிருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

திரும்பப் பெறலாம் என்று அந்த இடத்துக்குப் போனேன். "நிறைவடைந்தது" என்று மட்டும் இருக்கிறது. அதையும் எழுதியவள் நானே.

நீங்கள் அந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. இந்தத் தடவை சரியான இடத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

சின்னவள்


ஜூன் 24

அன்புள்ள சின்னவளுக்கு,

சரியான இடம்தான்.

அதை எழுதியது நீ என்று ஏப்ரல் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. யாரும் பெயர் சொல்லாத ஒருவருக்காக இவ்வளவு நீளமாக வாதாட ஒருவரால்தான் முடியும். நீயாகச் சொல்வாய் என்று பொறுத்திருந்தேன். சலவை இயந்திரம் என்று ஏழு வருடம் சொன்னதுதான் எனக்கு வருத்தம். நான் திருத்துவேன் என்று பயந்திருப்பாய். திருத்தியிருப்பேன். அதனால் என்ன? எனக்குத் திருத்தத் தெரிந்த அளவு பெருமைப்படவும் தெரியும். என் மகள் எழுதிய சொல்லை இத்தனை பேர் தினமும் தொடுகிறார்கள் என்று தையல்காரம்மாவிடம் சொல்லியிருப்பேன். பிழையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். திரையில் வழியில்லாவிட்டால் காகிதத்தில் உண்டு. வெள்ளைத்தாளில் உன் கையால் எழுது. இன்ன தேதியில் இன்ன ஆவணத்துக்கு நான் தந்த சம்மதம், அதைப் படிக்காமல் தந்தது. அதை இன்று முழு மனதோடு திரும்பப் பெறுகிறேன். "தயவுசெய்து" வேண்டாம்; "மன்னிக்கவும்" வேண்டாம். தேதி, கையெழுத்து. இரண்டு பிரதி. ஒன்று வக்கீலுக்கு, ஒன்று அண்ணனுக்கு. அண்ணனுக்கு அனுப்புவதற்கு முன்னால் அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடு. தபால் பெட்டியைத் திறந்துதான் அவன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

இதில் உனக்குச் சம்மதமா, இல்லையா என்று நீயே முடிவுசெய். என்னைப் பார்த்துக்கொள்ள அவன் வீடுதான் நல்லது என்று நீ உண்மையிலேயே நினைத்தால், படித்துவிட்டு மறுபடி சம்மதம் கொடு. கோபப்பட மாட்டேன். கோபப்படுவேன், ஆனால் நியாயம் என்று ஏற்பேன்.

ராத்தூக்கம் சரியாக இருக்கிறதா? நான்கு தடவை எழுதிக் கிழித்திருக்கிறாய். முதுகு என்ன பாடுபட்டிருக்கும்.

அன்புடன்,
அம்மா


ஜூலை 8

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். தூங்குகிறேன். இரண்டு பிரதியும் அனுப்பிவிட்டேன். பதினான்கு பக்கமும் வாசித்த பிறகுதான் அனுப்பினேன், வாய்விட்டு. எனக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று.

அண்ணனை முதலில் கூப்பிட்டேன். கத்தினான். "நீ அங்க உக்காந்துக்கிட்டு லெட்டர் எழுதுவ. கதவுக்கு வெளிய நின்னது நான்" என்றான். நானும் கத்தினேன். "அவங்க வீட்டை அவங்ககிட்ட கேக்காம எடுத்துக்கிறதுக்கு நீ யாரு?" என்று கேட்டுவிட்டேன். அப்போதுதான் அவன் சொன்னான். "அப்பா போன அன்னிக்கு மூணு தடவை அடிச்சேன். எடுக்கல. தூங்குறாருன்னு நெனச்சு விட்டுட்டேன். மூணோட விட்டுட்டேன்டி."

உங்களுக்கு இது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இதுவரை தெரியாது அம்மா. இந்த நாலு வருடத்தில் அவன் சொன்னதே இல்லை.

அன்று கதவை இடித்ததில் அவனுக்குத் தோள்பட்டை பிசகியிருக்கிறது. இன்னும் கையைத் தலைக்குமேல் தூக்க முடியவில்லையாம். உங்களிடம் சொல்லக் கூடாது என்றான். சொல்லிவிட்டேன்.

அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். "ஒப்புக்கொள்கிறேன்" அடுத்த பதிப்பிலிருந்து "சம்மதிக்கிறேன்" ஆகிறது. "வேண்டாம்" பரிசீலனையில் இருக்கிறதாம். அதாவது பிறகு. மறுபடி கேட்பேன், நாலஞ்சு தடவையோடு நிறுத்த மாட்டேன்.

அண்ணனுக்கு நீங்கள் ஏதாவது எழுதுங்கள்.

உங்கள்,
சின்னவள்


ஜூலை 17

அன்புள்ள பெரியவனுக்கு,

தோள் எப்படி இருக்கிறது? எலும்பு மருத்துவரிடம் காட்டினாயா, நீயாகவே தைலம் தேய்த்துக்கொள்கிறாயா? மருமகளும் பிள்ளைகளும் நலமா?

முதலில் பத்திரம். அதில் நான் கையெழுத்திடவில்லை. பென்சில் குறிகளை அழித்துவிட்டு இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கிழக்குப் பார்த்த அறைக்கும் காலிசெய்த அலமாரிக்கும் மருமகளிடம் என் நன்றியைச் சொல். விருந்தாளியாக வருவேன், திரும்பிப் போகும் தேதியைச் சொல்லிவிட்டு வருவேன்.

அடுத்தது, உன் பயம். அது பொய்யான பயம் என்று இத்தனை நாள் உன்னிடம் வாதாடினேன். அது தவறு. எனக்கு எழுபத்து நான்கு வயது. குளியலறைத் தரை வழுக்கும். ஆகவே இரண்டு காரியம் செய்திருக்கிறேன். வீட்டுச் சாவியின் நகலைத் தையல்காரம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். குளிக்கும்போது உள்நாதாங்கியைப் போடுவதில்லை, பூட்டு மட்டும்தான். போனை மேல்நோக்கித் தள்ளவும் பழகிக்கொண்டேன். அவர்கள் என்னைக் கேட்காமல் மாற்றியது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. பழகிக்கொள்வது வேறு, பிடிப்பது வேறு.

இனி, நான் உன் தங்கைக்கு எழுதாமல் விட்டதை உனக்கு எழுதுகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வெளியே வந்தபோது நீ கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாய். இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தாய். உனக்கு நாற்பத்தெட்டு வயது. நீ அப்படி அழுது நான் பார்த்தது உனக்கு எட்டு வயதில். நான் உன் பக்கத்தில் வரவில்லை. "நாதாங்கியை ஏன் உடைச்சே?" என்று கேட்டேன். பிறகு தலையைத் துவட்டப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீ உடைந்த துண்டுகளைப் பொறுக்கி மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாய்.

உன் அப்பா வீட்டில் தனியாக இறந்த அன்று நான் நூலகத்தில் இருந்தேன். புத்தகத்தை மாற்றிக்கொண்டு உடனே வந்திருக்கலாம். உட்கார்ந்து இருபது பக்கம் படித்தேன். அந்த இருபது பக்கத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீ மூன்று தடவை கூப்பிட்டாய் என்பது எனக்கு இந்த வாரம்தான் தெரிந்தது. ஒரே வீட்டில் நடந்ததை ஆளுக்கொரு பக்கமாக நாலு வருடம் பூட்டிவைத்திருந்தோம். நீ சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கேட்பது என் வேலையாக இருந்தது. முன்பின் தெரியாதவர்களையெல்லாம் முப்பத்தொரு வருடம் கேட்டிருக்கிறேன்.

இப்போது கேட்கிறேன். அன்று கதவுக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றாய்? தட்டிக்கொண்டிருந்தபோது என்ன நினைத்தாய்? போனில் சொல்ல வேண்டாம். பேசினால் நீ என்னைத் தேற்ற ஆரம்பிப்பாய், நான் உன்னைத் திருத்த ஆரம்பிப்பேன். தோள் வலித்தால் நாளுக்கு இரண்டு வரியாக எழுது. எழுத்துப் பிழைகளை நான் பார்க்க மாட்டேன்.

பதிலை எழுதித் தபாலில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா